இடது ஓரத்தில் ஒன்று

நீடாமங்கலம் கேட்டில்
எனக்கு முன்னால் பதினோரு வண்டி,
அதில் ஒன்று வைக்கோல் லாரி.
சரக்கு ரயில் தன் இஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்
மறுமுனையில் மாட்டிக்கொண்டிருக்கிறது.
அவசரப்படுத்த முடியாத வேலை.

ஏசியிலிருந்து வருவது இப்போது வெறும் மூச்சு.
முள் பாதியைத் தாண்டிவிட்டது.
பின்சீட்டில் தனக்கொடி
ஆஸ்பத்திரி ஃபைலால் விசிறிக்கொள்கிறாள்.
செவ்வாய், வெள்ளி, தஞ்சாவூர், டயாலிசிஸ்.
அளந்து குடிக்கச் சொன்ன தண்ணீரில்
இன்றைய பங்கு கொரடாச்சேரியிலேயே முடிந்தது.

திடீரென்று பானெட்டுக்குள்
ரைஸ்மில் ஓடத் தொடங்குகிறது.
டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.
முள் இறங்குகிறது. சத்தம் நிற்கிறது.
மறுபடி ஏறுகிறது.

ஒரு மாசமாக இதே கதை.
முதலில் சுணை என்றேன்.
அறுப்பு மிஷின் தூசி ரேடியேட்டரின் கண்ணையெல்லாம் அடைத்திருந்தது.
சாலியமங்கலம் பக்கம் ஒரு போர்செட்டில் நிறுத்திக் கழுவினேன்.
பழுப்பாக வந்த தண்ணீர் தெளிந்தது.
முள் தெளியவில்லை.
கூலண்ட் மாற்றினேன், தெர்மோஸ்டாட் மாற்றினேன்,
வண்டித் தவணையைத் தள்ளிப்போட்டேன்.

"ஃபேனுக்கு ரெண்டு வேகம்ண்ணே,
ஒங்களுக்கு ஒண்ணுதான் இருக்கு" என்கிறார்
கூத்தாநல்லூர் நஜ்முதீன் போனில்,
யாருடைய ஹாரனையோ அடித்துப் பார்த்தபடி.
பெரிய வேகத்து ரிலேயைப் பிடுங்கி
துளை இரண்டையும் ஒயரால் சேர்க்கச் சொன்னார்.
அலறியது.
சின்ன வேகத்துக்கும் அப்படியே செய்தேன்.
வைக்கோல் லாரியின் ரேடியோதான் கேட்டது.

"மோட்டார் நல்லாருக்கு. ஃபேன் கூட்டுல ஓரமா
சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளையா ஒரு ரெசிஸ்டர் இருக்கும், பாருங்க."

"மின்தடை" என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல்.
"பத்தாவது சயின்ஸ்ல வரும்."

எனக்குத் தெரிந்த மின்தடை
நாற்றங்கால் பாதி நனைந்திருக்கும்போது வரும்.
இப்படிக் கையில் பிடிக்கலாம் என்று
யாரும் சொன்னதில்லை.

வேண்டாம் என்றும் கேட்காமல் இறங்கி வந்தாள்.
கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள்;
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
யார் வீட்டு நெல்லையும் திரும்பக் காயவைக்கச் சொல்கிறவள்.
மீட்டர் அவளுக்குப் புதிதில்லை.
ஊசி குத்தாத கையில் அதை வாங்கி
வெயில் படாமல் திருப்பிக்கொண்டாள்.
நான் இரண்டு முனையிலும் கம்பியை வைத்தேன். சுட்டது.

"ஒண்ணுன்னு காட்டுது."
"எங்க காட்டுது ஒண்ணு?"
"இடது ஓரத்துல. தனியா."
"அது ஒண்ணு இல்லம்மா. அளக்க முடியலன்னு அர்த்தம்.
உள்ள கம்பி அறுந்துபோச்சு."

ஐப்பசியில் முழங்கால் தண்ணீரில் ஓட்டினேனே,
அன்றைக்காக இருக்கும்.

"அறுந்தது தடைதானே?
அப்ப இன்னும் வேகமால்ல ஓடணும்?" என்றேன்.
தனக்கொடி உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.
"அந்தத் தடை வழியாத்தாண்ணே கரண்ட் வரணும்.
எங்க மிஷின்லயும் பம்புக்கு வேகம் உண்டு.
கூட்டி வெச்சா சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்னுவாங்க.
எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கும்.
மெதுவா விடச் சொல்லிச் சண்டை போடுவேன்."

சாமான் கிடைக்கும் வரை
ஏசி போட்டால் பெரிய வேகமே ஓடும்படி
ஒரு ஒயரில் ஒப்பேற்றினோம்.
கேட் தூக்கினார்கள்.
அம்மாபேட்டை வரை அவள் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை எனக்கு.

அடுத்த வெள்ளி, திரும்பி வருகையில்,
அதே கேட்.
திருச்சிப் பழைய சாமான் கடையில் வாங்கிய மின்தடை,
நானூறு ரூபாய், உள்ளே இருந்தது.
தனக்கொடி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.
முள் பாதியில் நின்றது. சத்தமே இல்லை.
சத்தம் இல்லாததுதான் பயமாக இருந்தது.
கதவை மெல்லச் சாத்தி இறங்கி,
பானெட்டைத் தூக்கி, எட்டத்திலேயே
உள்ளங்கையைக் காட்டினேன்.

காற்று வந்துகொண்டிருந்தது.